குமிழிகள் உட்பட

கானாடுகாத்தான் விடுதியிலிருந்து வந்த ஆர்டரில்
மூன்றாவது வரி:
சன்னல் மேல்வளைவுக்கு நாற்பத்தொரு சில்லு.
நீலம் பதினாறு, பச்சை இருபது, சிவப்பு ஐந்து.
உடைந்துபோன பழசு மாதிரியே இருக்கணும்,
குமிழிகள் உட்பட.

குமிழி வராமல் இருக்கத்தான் ஏழு வருடம் படித்தேன்.
பிரோசாபாத்தில் வளையல் பட்டறைகளுக்கு நடுவே இரண்டு,
செக் நாட்டில் வாயில் நுழையாத பெயருள்ள ஊரில் ஒன்று,
மீதி இங்கே, புதுவயலில்,
விலைக்குப் போகாத அரிசி ஆலையில்
நெல் அவித்த கொட்டகையின் தகரத்துக்குக் கீழே.
"வளையல் கடையா?" என்று அப்பா கேட்டதற்கு
முதல் வருடம் விளக்கம் சொன்னேன்.
இரண்டாம் வருடம் ஆமாம் என்றேன்.

உலை என்றால் ஊரில் சோற்றுக்கு வைப்பது,
அரைமணியில் அடங்கிவிடும்.
என்னுடையதை மாசியில் பற்றவைத்தால்
ஆடி வரை அணைக்க முடியாது.
தம்பி கல்யாணத்தில் தாலி ஏறியதும்
பந்திக்கு நிற்காமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.
பட்டுப்புடவையோடு உலைமுன் நிற்காதீர்கள்,
சரிகை சுடும்.

காதர் மைதீன் முன்பு இதே ஆலையில் பாய்லர் பார்த்தவர்.
இப்போது என் உலைக்கதவைத் திறக்கிறார், மூடுகிறார்.
ஒரு நொடி பிந்தினால் அன்றைய காலை
தரையில் கிடக்கும்.
வேறு பேச்சு எங்களுக்குள் அதிகமில்லை.

உருகியதைப் பார்க்க வருகிறவர்கள்
தேன் மாதிரி இருக்கு என்பார்கள்.
இல்லை. தேன் காத்திருக்கும்.
குழாயைச் சுற்றிக்கொண்டே இருக்கணும்,
தும்மல் வந்தாலும்.
நீளமாக ஊதி, குழிக்குள் ஆட்டி இறக்கி,
உருளையின் இரு முனையையும் வெட்டி,
நெடுக்கே கீறி, மறுபடி சூடேற்றினால்
மெதுவாக விரிந்து படுத்துக்கொள்ளும்,
வேலை முடிந்தவள் மாதிரி.
பிறகு ஆறணும்.
ஆறுதல் என்ற சொல்லுக்கு என் தொழிலில்
ஐந்நூற்றுப்பத்து டிகிரியில் தொடங்கும்
பதினான்கு மணிநேரம் என்று அர்த்தம்.

குமிழிக்காகப் பச்சை முருங்கைக் குச்சியை
உருகலுக்குள் குத்திப் பார்த்தேன்.
கொதித்தது. காதர் மைதீன் இரண்டடி பின்னால் போனார்.
வந்தன குமிழிகள்,
கவரிங் கடை முத்து மாதிரி ஒரே அளவில்.
எவரும் கண்டுபிடிப்பார்கள்.
சோடா உப்பு போட்டேன். நுரைத்தது. கொட்டினேன்.
அந்தப் பழைய ஆள், எந்தத் தேசத்தானோ,
குமிழி வைக்கணும் என்று ஊதியிருக்க மாட்டான்.
அவசரத்தில் இருந்திருப்பான்.
அவசரத்தை எப்படித் திட்டமிடுவது?

அந்தச் செவ்வாய்க்கிழமை கொச்சியிலிருந்து கடிதம் வந்தது.
என் பதினொரு கிண்ணங்களையும் பார்த்தார்களாம்,
நேர்த்தி என்றார்கள், அடுத்த வருடம் என்றார்கள்.
குமிழித்தாளில் பொதிந்து அனுப்பியவை
அதே குமிழித்தாளில் திரும்பி வருகின்றனவாம்.
கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு
மாலை வரை ஊதினேன்.
எதையும் பார்க்கவில்லை.
காதர் மைதீன் இரண்டு தடவை
"அம்மா, மெதுவா" என்றார்.

மறுநாள் ஆறிய சில்லுகளை வெயிலில் பிடித்தபோது
இருந்தன.
கடுகளவு, நெல்லளவு,
ஒன்று மட்டும் வால் நீண்டு ஓடுகிற மாதிரி.

சோலையப்பன் பழைய துண்டை அருகில் வைத்துப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தார்.
எது எது என்று அவருக்கே தெரியவில்லை.
"மூலையில பேரு வெட்டிடாதீங்க, பழசுல இல்ல" என்றார்.
வெட்டவில்லை.
முன்பணம் போக மிச்சத்தை அன்றே அனுப்பினார்,
அதைச் சொல்லியாகணும்.

இப்போது அங்கே மூன்று மணிக்கு மேல்
ஆத்தங்குடித் தரையில் நீலம் விழும்.
வழிகாட்டிப் பையன் நூறு வருடம் என்கிறான்,
வந்தவர்கள் படமெடுக்கிறார்கள்.
கீழ்வரிசையில் இடமிருந்து நான்காவதில்
என் செவ்வாய்க்கிழமை மூச்சு
நெல்லளவு இருக்கிறது.

பில்லில் எழுதினேன்: சில்லு நாற்பத்தொன்று.
குமிழிக்குக் கட்டம் இல்லை.
"அணைச்சிடவா?" என்றார் காதர் மைதீன்.
சட்டியில் இன்னும் கால்பங்கு கிடந்தது.
அதில் ஒரு கிண்ணம் ஊதினேன்,
சுத்தமாக, ஒரு பொட்டுக்கூட இல்லாமல்.
யாரும் கேட்டதல்ல.